கட்டிய மாடும் தொட்டிக் கொடியும்

சுவாத்தியாயம் முடிந்து கலையும் வேளையில் எழும் கேள்விகளே பெரும்பாலும் வீடு வரை நம்மைப் பின்தொடர்ந்து வருகின்றன. கும்மிடிப்பூண்டியில் ஞாயிறு மாலைகளில் கூடிப் படிக்கும் சில குடும்பங்களிடையே அண்மையில் அப்படியொரு கேள்வி எழுந்தது. பங்குனியில் ஊர்க் கோயில் திருவிழாவுக்குச் சென்று பத்து நாள் கழித்துத் திரும்பிய ஒரு வீட்டார், ஜன்னலோரத் தொட்டியில் வளர்த்த கொடி நீரின்றிக் காய்ந்து கிடக்கக் கண்டனர். “இதில் நமக்குப் பாவம் உண்டா?” என்று அவ்வீட்டு அம்மையார் கேட்டார். “ஓரறிவுயிர்தானே அம்மா! நாள்தோறும் கீரை அரியவில்லையா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். சிலர் சிரித்தனர். பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. நம்மால் திரும்ப இயலவில்லை. காய்ந்தது நம் வீட்டுக் கொடி. கேட்டவர் நம் துணைவியார்.

தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழுதுண்டு வாழ்ந்தவர்கள். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் சுற்றுவட்டாரங்களில் நிலமும் கிணறும் மாட்டுக் கொட்டகையும் உடையவராய் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வேலை தேடி நகரங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வந்துவிட்டனர். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்து சேர்ந்தவர்களுக்கு வாய்த்தது இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வாடகை வீடு. அதிலும் மாடி வீடு. மண் என்பது தொட்டிக்குள் இருந்தால்தான் உண்டு. ஆகவே நம்மவர் வீடுகளில் தொட்டிச் செடிகள் பெருகியிருப்பதில் வியப்பில்லை. தலைமுறை தலைமுறையாய் மண்ணைத் தொட்ட கை சும்மா இருக்குமா?

நம் வீட்டில் இருந்தது கிருஷ்ண கமலம் என்று வடநாட்டார் அழைக்கும் கொடி. நாற்றுப் பண்ணைகளில் கடிகாரப்பூ என்றும் கேட்கலாம். பேஷன் பழம் எனக் கடைகளில் விற்கும் பழத்தைத் தரும் கொடியும், இலங்கைத் தமிழர் கொடித்தோடை என்று சொல்வதும் இதன் இனமே. இவற்றின் தாயகம் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்கள். 1753-இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இக்குலத்துக்குப் பாசிஃப்ளோரா என்று பெயரிட்டார். ‘பாடுகளின் பூ’ என்பது பொருள். தென் அமெரிக்காவுக்குச் சென்ற கிறித்தவப் பாதிரிமார் இம்மலரில் ஏசுநாதரின் சிலுவைப்பாட்டைக் கண்டனர். மலரின் நடுவே வட்டமாய் விரியும் இழைகள் முள்முடி; ஐந்து மகரந்தப் பைகள் ஐந்து காயங்கள்; மேலே மூன்றாய்ப் பிரிந்து நிற்கும் சூலகமுடிகள் மூன்று ஆணிகள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம் நகரில் ஜாக்கோமோ போசியோ என்னும் ஆசிரியர் இதை நூலில் எழுதிப் பரப்பினார். அதே மலர் நம் நாட்டுக்கு வந்ததும் அதே இழைகள் கௌரவர் நூற்றுவராயின. ஐந்து பைகள் பாண்டவராயின. நம்மில் ஒருவர் மூன்று முடிகளையும் மும்மணிகள் என்றும், ஐந்து பைகளையும் பஞ்ச பரமேட்டிகள் என்றும் சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பொருளைப் பல நிலையில் நின்று காணலாம் என்னும் அநேகாந்தத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு என்று நமக்கும் ஒருகால் தோன்றியதுண்டு. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டோம். பார்ப்பவரின் நிலைகள் அனைத்தையும் எண்ணிய நாம், பார்க்கப்படும் கொடியின் நிலையை எண்ணினோமில்லை.

அக்கொடியின் நிலை என்ன? வீட்டுக்குள் அதற்கு வேண்டுவன யாவை என்று பார்த்தாலே அது விளங்கும். முதலில் வெயில். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமேனும் நேர் வெயில் படாவிட்டால் இலை வரும், மலர் வராது. தெற்கு ஜன்னல் நல்லது என்று நூல்கள் எழுதுகின்றன. அவை குளிர்நாட்டு நூல்கள். நம் பக்கத்தில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும் வரை நண்பகல் ஞாயிறு தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்பதால், அம்மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு வெயில் கிட்டுவதில்லை. கிழக்கு ஜன்னலே நமக்கு ஏற்றது. அடுத்தது தொட்டி. ஓரடி அகலமும் ஆழமும், அடியில் நீர் வடியத் துளையும் போதும். செம்மண்ணும் மணலும் மக்கிய இலையுரமும் கலந்து நிரப்பலாம். உரம் மிகுந்தால் கொடி தழைக்குமே அன்றிப் பூக்காது.

உரம் பற்றி நம்மவர்க்கு ஒரு சொல். பூச்செடிகளுக்கென விற்கப்படும் கலவைகள் பலவற்றில் எலும்புத்தூள் சேர்கிறது. பையின் மேல் சிறிய எழுத்தில் இருப்பதை நாம் படிப்பதில்லை. தேனையும் தோற்பையையும் விலக்கும் வீட்டில், கொடி வழியாக எலும்பு நுழைந்துவிடுகிறது. வேப்பம் பிண்ணாக்கும் சாம்பலும் மக்கிய தழையும் இக்கொடிக்குத் தாராளமாய்ப் போதும். கேட்டு வாங்குவதில் வெட்கம் ஏன்?

அப்புறம் தூசி. இரும்பு உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் இரவு பகலாய் இயங்கும் பகுதி இது. லாரிகள் ஓயாத சாலை. வெளியே நிற்கும் மரத்தின் இலையை ஐப்பசி மழை கழுவும். ஜன்னலுக்குள் இருக்கும் இலையைக் கழுவ யார் வருவார்? வாரம் ஒருமுறை ஈரத் துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்க வேண்டும். துணி கறுத்துவிடும். தண்ணீரிலும் கவனம் தேவை. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல்லாண்டுகளாய் அறிந்த செய்தி. உப்பு நீரை ஊற்றி வந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்து, இலை நுனி கருகும். அரிசி கழுவிய நீரைச் சேமித்து வைத்து ஊற்றினோம். மழைக்காலத்தில் மாடியிலிருந்து வாளியில் பிடித்து வந்தோம். மேல்மண் விரல்கணு அளவு காய்ந்ததும் நீர் வேண்டும். கோடையில் அது நாள்தோறும் என்றாகும். காய்க்க வைக்க எண்ணுவோர் வண்டின் வேலையையும் தாமே செய்ய வேண்டும். சில வகைகள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதும் இல்லை.

வெயிலும், மழையும், வண்டின் வரவும், வேர் பரவும் நிலமும் ஆக எல்லாவற்றுக்கும் ஈடாக அங்கே இருப்பது ஒரு மனிதக் கை. இதை நாம் மூன்றாண்டுகள் செய்தோம். செய்தபோது பெருமையாகவே இருந்தது. செய்யாதுவிட்ட பத்து நாளில்தான் அதன் பொருள் புலப்பட்டது.

ஓரறிவுயிருக்கு உள்ள அறிவு ஊறு என்னும் தொடு உணர்வு ஒன்றே என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். தொல்காப்பியரும் புல்லையும் மரத்தையும் அவ்வாறே வகுத்தார். இத்தகைய கட்டுரைகளில் இவ்விடத்தில் ஜகதீச சந்திர போசைத் துணைக்கு அழைப்பது வழக்கம். அவர் சற்று ஓய்வெடுக்கட்டும். 1865-இல் சார்லஸ் டார்வின் கொடிகளின் அசைவு பற்றி எழுதிய நூலில் இக்கொடியினத்தில் ஒன்றின் பற்றுக்கம்பியை ஆய்ந்திருக்கிறார். மெல்லிய குச்சியால் அதன் நுனியைத் தொட்டு, உருப்பெருக்கியின் வழியே பார்த்திருந்தார். ஏறக்குறைய அரை நிமிடத்தில் நுனி வளையத் தொடங்கியது. தொட்டதை விலக்கியதும் மெல்ல நிமிர்ந்தது. மீண்டும் தொட மீண்டும் வளைந்தது. வியப்பு என்னவெனில், நீர்த்துளிகள் விழுந்தால் அது வளையவில்லை. பற்றிக்கொள்ளத்தக்கது எது, வந்து போவது எது என்று பகுத்தறிவதுபோல அதற்கு ஓர் உணர்வு உண்டு. ‘ஒன்றே ஒன்று’ என்று நாம் எளிதாகச் சொல்லும் அந்த ஓர் அறிவு இவ்வளவு நுட்பமானது.

நம் வீட்டில் அக்கம்பிகள் ஜன்னல் கம்பியைப் பற்றின, திரைச்சீலையைப் பற்றின, ஒருமுறை சுவரில் மாட்டிய நாட்காட்டியையும் பற்றின. பற்றற்றான் அருகநெறியைப் படிக்கும் வீட்டில் பற்றுவதற்கென்றே பிறந்த ஓர் உயிர் என்று நாம் வேடிக்கை பேசியதுண்டு.

இனி புழுக்கள். இரண்டாம் ஆண்டு கார்த்திகையில், ஜன்னலுக்கு வெளியே நீண்ட தளிரில் ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டது. செம்மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகள் கொண்டது. அவசரமின்றித் தாழப் பறப்பது. இக்கொடியினத்தின் இலையில் உள்ள நஞ்சை உண்டு வளர்வதால் பறவைகள் இதை விரும்புவதில்லை என்பர். ஓரிதழ்த்தாமரை போன்ற நம் நாட்டுச் செடிகளை உண்டு வாழ்ந்த பூச்சி, கடல் கடந்து வந்த கொடியையும் உணவாக்கிக் கொண்டது. ஒரு வாரத்தில் முள்முள்ளான செம்பழுப்புப் புழுக்கள் கொத்துக் கொத்தாய் இலைகளை அரித்தன. அண்டை வீட்டார் மருந்துப் புட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினர்.

மருந்து அடிப்பதில் நமக்கு ஐயம் எழவில்லை. அது சங்கல்ப இம்சை. அறிந்தே, கொல்லும் எண்ணத்தோடே செய்வது. ஏர் ஓட்டும்போது மண்ணில் சாகும் உயிர்க்கு உழவன் அளிக்கும் விடை அங்கே செல்லாது. உழவனுக்கு அது வயிற்றுப்பாடு. நமக்கு அது பூ. ஆயின் வேறோர் ஐயம் எழுந்தது. தத்துவார்த்த சூத்திரம் புழுவை இரண்டறிவுக்கும், எறும்பை மூன்றறிவுக்கும், வண்டை நான்கறிவுக்கும் எடுத்துக்காட்டாய் வைக்கிறது. இந்தப் புழுவோ இரண்டு வாரத்தில் சிறகு முளைத்துப் பறக்கப்போவது. அப்போது அது நான்கறிவுயிர். அப்படியாயின் இன்று அதற்கு எத்தனை அறிவு? உருப்பெருக்கியில் பார்த்தால் இவ்வகைப் புழுக்களின் தலையில் பக்கத்துக்கு ஆறாகச் சிறு கண்கள் இருப்பதை உயிரியலார் காட்டுகின்றனர். சாத்திரம் சொல்லும் கிருமி மண்ணில் நெளியும் புழுவாகலாம். இது வேறு எனக் கொள்வதே பொருத்தம் என்று நமக்குப்படுகிறது. கற்றவர் திருத்தினால் ஏற்போம். எப்படியாயினும் அறிவை எண்ணி விலை குறிப்பதற்கு அப்பட்டியல் எழுதப்படவில்லை. எங்கெங்கும் உயிர் உண்டு, பார்த்து நட என்பதற்கே அது எழுதப்பட்டது.

இலையோடு புழுக்களைக் கிள்ளி எடுத்துப் போய் ரயில் பாதை வேலியில் விட்டோம். அங்கே சிறுபூனைக்காலி மண்டிக் கிடக்கிறது. இதே இனத்துக் காட்டுக் கொடி. சிறுவர் பறித்துத் தின்னும் மஞ்சள் பழம் உடையது. புழுக்கள் அங்கே பிழைத்தனவா, எறும்புக்கு இரையாயினவா என்று பார்க்க நாம் நிற்கவில்லை. கொல்லாதுவிட்ட நிறைவோடு திரும்பினோம். இதையும் மறைப்பதற்கில்லை.

புழுவுக்கு அவ்வளவு கவனம் காட்டிய அதே கைதான், பங்குனியில் ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, பத்து நாளுக்கு ஊர் சென்றது. திருவிழாவில் அபிடேகம் கண்டோம், ஒருவேளை உணவோடு விரதம் இருந்தோம், உபதேசம் கேட்டோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது கொடி அப்படியே கம்பியைப் பற்றியபடி உலர்ந்திருந்தது. பற்றுக்கம்பிகள் மட்டும் பிடியை விடவில்லை.

இப்போது கீரைக்கு வருவோம். நண்பர் சொன்னது நூலுக்கு மாறானதன்று. இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதம் இயங்கும் உயிர்களைக் கொல்லாமையையே கட்டாயமாக்குகிறது. நிலையுயிர்களை விலக்கி இல்லறம் நடவாது. கீரை அரியலாம், நெல் அறுக்கலாம். இதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஆசாரியர்கள் அத்துடன் நிறுத்தினார்களா? சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அநர்த்த தண்டம் என்னும் பயனில் செயலை விளக்குமிடத்தில், காரணமின்றி மண்ணைத் தோண்டுவதையும், நீரை வாரி இறைப்பதையும், தீ மூட்டுவதையும், செடி கொடிகளை அறுப்பதையும் பிரமாத சரியை என்று விலக்குகிறார். ஓரறிவுயிரே ஆயினும் தேவைக்கு மேல் தொடாதே என்பது கருத்து. கீரை தேவை. ஜன்னலோரப் பூ தேவையா?

இதற்கும் மேலே ஒன்று உண்டு. கொல்லாமை விரதத்தைக் கறைப்படுத்தும் அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவை கால்நடையையும் பணியாளரையும் கருதிச் சொன்னவை, கொடியைக் கருதியன்று. இதை நாம் அறிவோம். இருந்தும் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். கம்பியில் கட்டினோம். அழகுக்காக நுனி கிள்ளினோம். ஓரடித் தொட்டியில் ஆறடி நிலத்தின் வேரை அடைத்தோம். கடைசியில் நீரை மறுத்தோம். அடித்தல் ஒன்றுதான் குறை.

ஆகவே நம் எண்ணம் இதுதான். வீட்டுக்குள் வைத்த தொட்டிக் கொடியை வயற்காட்டுப் பயிரோடு சேர்த்து எண்ணியதே நம் பிழை. அது கொட்டகையில் கட்டிய மாட்டோடு சேர்த்து எண்ணத்தக்கது. வயலில் நிற்கும் நெல்லுக்கு மழை உண்டு, ஆழ்ந்த மண் உண்டு, உழவன் ஒரு நாள் வராவிட்டாலும் அது நிற்கும். கட்டிய மாட்டுக்கு அவை இல்லை. அதன் தாகம் முழுதும் கட்டியவன் கையில். நம் பாட்டனார் வெளியூர் செல்வதென்றால் முதல் நாளே பங்காளி வீட்டுக்குப் போய், “மாட்டுக்குத் தண்ணி காட்டிடுப்பா” என்று சொல்லிவிட்டு வருவார். சொல்லாமல் அவர் சிதறால் மலைக்கும் போகமாட்டார், சித்தாமூர் மடத்துக்கும் போகமாட்டார். நாம் போனோம். மாடு கத்தும், ஊர் கேட்கும். கொடிக்குக் குரலில்லை என்பது தவிர இரண்டுக்கும் இதில் வேறுபாடு காணோம். அறிவின் எண்ணிக்கையில் மாட்டுக்கும் கொடிக்கும் வெகு தூரம்தான். ஆனால் நம்மைச் சார்ந்து நிற்கும் நிலையில் இரண்டும் ஒரே கயிற்றில் உள்ளன. அந்தக் கயிற்றைப் போட்டவர்கள் நாம்.

அப்படியானால் வளர்க்காமலே இருப்பதுதான் அறம் என்று முதியவர் ஒருவர் சொன்னார். உடைமையைக் குறைப்பது நெறி. தொட்டியும் உடைமையே என்றார் அவர். பாதி ஒப்புகிறோம். மிகுபொருள் விரும்பாமை விரதம் ஏற்பவர் நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, மாடு இத்தனை என்று எல்லை வகுக்கிறார். தொட்டிகளை யாரும் அதில் எண்ணுவதில்லை. விலை குறைவு என்பதால் எண்ணுவதில்லை போலும். நாற்பது ரூபாய்க்கு ஒரு செடி, காய்ந்தால் வேறொன்று. நம் மாடியில் காலித் தொட்டிகள் பதினொன்றை எண்ணினோம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இருந்து இறந்தது. எது என்றுகூட நினைவில்லை. நாம் நீர் காட்டக்கூடிய அளவே தொட்டி என்று எல்லை வகுப்பது அவ்விரதத்துக்கு உட்பட்டதே என்பது நம் கருத்து.

ஆனால் ஒன்றும் வேண்டாம் என்பதை ஏற்கத் தயங்குகிறோம். பெரியவர் ஊரில் பிறந்தவர். ஓரறிவுயிர் என்றால் அவர் கண்முன் நுணாவும் புங்கனும் வந்து நிற்கும். மாடி வீட்டில் பிறந்த நம் பேத்திக்கு அச்சொல் பாடப்புத்தகத்துச் சொல். விரலை நீட்டிப் பற்றுக்கம்பியின் நுனியைத் தொட்டு, அது வளைகிறதா என்று மூச்சடக்கிப் பார்த்திருந்த நாளில்தான் அவள், “தாத்தா, இதுக்கு நான் தொட்டது தெரியுது” என்றாள். அந்த ஒரு நாளைக் கணக்கில் எப்பக்கம் வைப்பது? அதே பிள்ளைதான் காய்ந்த கொடியைக் கண்டு, நாம் ஊருக்குப் போனது அதற்குத் தெரியுமா என்றும் கேட்டாள். பெரியவரிடம் இரண்டையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, “ஒரு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

காய்ந்த தண்டை ஒரு சாண் விட்டு நறுக்கி, மூன்று வாரம் நீர் ஊற்றிப் பார்த்தோம். வேர் உயிரோடிருந்தால் துளிர்க்கும் இனம் இது. துளிர்க்கவில்லை. நகத்தால் கீறியபோது உள்ளே பழுப்பு நிறமே தெரிந்தது. நல்வினையாய், சென்ற ஆவணியில் ஒரு துண்டை வெட்டிக் கீழ்த்தளத்துத் தெலுங்கு அம்மையாருக்குக் கொடுத்திருந்தோம். அது அவர் வீட்டுப் பின்கட்டில் தரையிலேயே வேரூன்றிச் சுவரேறி நிற்கிறது. அதிலிருந்து ஒரு கணுவை வாங்கி வந்து மீண்டும் தொட்டியில் வைத்திருக்கிறோம். தொட்டி ஒன்றுதான். மற்றவற்றைக் குயவருக்குக் கொடுத்துவிட்டோம்.

தீபாவளிக்கு மகாவீரர் முக்தி பூசைக்காக மறுபடி ஊர் செல்ல வேண்டும். தொட்டியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போகிறோம் என்று அந்த அம்மையாரிடம் சொன்னோம். வைத்துவிட்டுப் போங்கள் என்றவர், கார்த்திகை நெருங்கும் சமயம், புழு வந்தால் என்ன செய்ய என்று கேட்டார். இலையோடு கிள்ளி வேலியில் விட வேண்டும் என்றோம். எந்த வேலி என்றார். ரயில் பாதை வரை நடந்து சென்று, சிறுபூனைக்காலி படர்ந்திருக்கும் இடத்தை அவருக்குக் காட்டிவிட்டு வந்தோம்.